மறு: கிளிப்பிங்குக்கு ஒரு சொல் – முகடு தறிதல்

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் மிருதங்கமும் தவிலும் பதிவு செய்கிறவர்களுக்கான கையேட்டில் கிளிப்பிங் என்பதற்கு, அதாவது ஒலி அளவு மீறும்போது அலையின் உச்சி வெட்டுப்படுவதற்கு, எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது என்று பேசி வருகிறோம். ஒலிச்சிதைவு, தலைதட்டல், முகடு தறிதல் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான் மூன்றாவதன் பக்கம்.

> ஒலிச்சிதைவு என்பதே போதும். கரகரவென்று கேட்கிறது, அவ்வளவுதானே?

ஐயா, கரகரப்பு நம் காதுக்கு வந்து சேரும் விளைவு. கிழிந்த ஸ்பீக்கராலும் அது வரும், தளர்ந்த கேபிளாலும் வரும். கிளிப்பிங் நடப்பது அலையின் உச்சியில். மைக், மைக்கின் மின்குறியைப் பெருக்கும் பிரீஆம்ப், ஒலியை எண்ணாக மாற்றும் சில்லு, இவற்றில் ஏதோ ஒன்று தாங்கும் எல்லையை அலை தாண்டுகிறது. எல்லைக்கு மேலே இருந்த பகுதி பதிவாவதே இல்லை. வளைந்திருக்க வேண்டிய முகடு தட்டையாகிறது; வாத்தியத்தில் இல்லாத மேற்சுரங்கள் (அடிப்படைச் சுரத்துக்கு மேலே கூடவே ஒலிப்பவை) அதனால் முளைக்கின்றன. சொல் இதைக் காட்டினால்தான் மருந்தை எங்கே தேடுவது என்று படிக்கிறவருக்குப் புரியும். சிதைவு என்று மட்டும் எழுதினால் பதிவு முடிந்தபின் ஓசையளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கிப் பார்ப்பார். தட்டையான முகடு தட்டையாகவே இருக்கும், ஓசை மட்டும் குறையும்.

> 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வைத்துப் பதிந்தால் இந்தச் சிக்கலே வராதே?

வரும். கையேட்டில் இதற்கு ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். பிட் கூடினால் இரைச்சல் நிற்கும் அடித்தளம்தான் கீழே இறங்கும், பதிவு தாங்கும் உச்ச அளவான கூரை உயராது. ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல். 16 பிட்டுக்கு 96, 24 பிட்டுக்கு 144. இந்த வீச்சு முழுவதும் அந்தக் கூரையான பூச்சிய டெசிபலுக்குக் கீழே கிடைப்பது. பூச்சியம் இரண்டிலும் ஒரே பூச்சியம், அதைத் தாண்டினால் இரண்டிலும் முகடு போய்விடும். 96 கிலோஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்ற கணக்கு. அதற்கும் அலையின் உயரத்துக்கும் தொடர்பில்லை.

24 பிட்டின் உண்மையான பயன் வேறு. அச்சமில்லாமல் கெயினை, அதாவது பதியும்போது ஒலியைப் பெருக்கும் அளவை, குறைத்துக்கொள்ளலாம். மிகப் பலமான அடியே −12 டெசிபலில் நிற்கும்படி வைத்தாலும் போவது இரண்டு பிட்தான், மிச்சம் 22 இருக்கிறது. வீட்டு அறையில் மின்விசிறியின் இரைச்சல் அந்த அடித்தளத்துக்கு வெகு மேலேயே இருக்கும். தவிலுக்கு நான் −18 வரைகூடப் போகச் சொல்வேன். விரல்களில் கூடு மாட்டி வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) விழும் அடி சட்டென்று எழுந்து அடங்கிவிடும். சராசரி ஓசையைக் காட்டும் பழைய வியூ மீட்டரின் முள் ஏறத்தாழ 300 மில்லிநொடி எடுத்துத்தான் நிலைக்கு வரும். அதற்குள் முகடு வந்து போயிருக்கும். அதனால் முள்ளை நம்பாமல், உச்சியை உடனே காட்டும் பீக் மீட்டரைப் பார்க்க வேண்டும். அதோடு, ஒத்திகை பார்க்கும்போது வாசிப்பதைவிடத் தனி ஆவர்த்தனத்தில் கை கூடுதலாகவே விழும்.

32 பிட் ஃப்ளோட் என்ற கோப்பு வகை பற்றியும் கேட்டிருந்தார்கள். அந்தக் கோப்பு பூச்சியத்துக்கு மேலேயும் எண்ணைத் தாங்கும், உண்மைதான். ஆனால் கண்டென்சர் மைக்கின் உள்மின்சுற்றோ பிரீஆம்போ முன்பே முகட்டைத் தறித்துவிட்டால் கோப்பால் ஒன்றும் செய்ய முடியாது. மைக்கில் ஒலியளவைக் குறைக்கும் பேட் சுவிட்ச் இருந்தால் போட வேண்டும், இல்லாவிட்டால் மைக்கைத் தள்ளி வைக்க வேண்டும்.

> தோல்வாத்தியம்தானே, கொஞ்சம் தட்டையானால் யாருக்குத் தெரியப்போகிறது?

இதை என்னால் ஏற்க முடியவில்லை. மிருதங்கத்தின் கரணை எதற்காக இருக்கிறது? வெறும் தோலின் மேற்சுரங்கள் ஒழுங்கற்றவை. நடுவில் அந்தக் கரும்பூச்சு சேரும்போது அவை அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளாக வந்து அமைகின்றன. சி. வி. ராமன் சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் நேச்சர் இதழில் எழுதியது இதைப் பற்றித்தான். தம்பூராவோடு சேர்ந்து நிற்கும் சாபு என்ற அடி அந்த ஒழுங்கால்தான் காதுக்கு இனிக்கிறது. எந்த மேற்சுரம் எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்று கரணை வைப்பவர் பூச்சுப் பூச்சாகத் தேய்த்துச் சரிசெய்கிறார். முகடு போன பதிவில் அந்த அளவு கலைந்துவிடுகிறது. தவிலின் கூரிய அடியில் ஓரிரு புள்ளிகள் போனால் காதுக்குத் தப்பலாம். நீண்டு ஒலிக்கும் சாபுவில் தப்பாது.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

தலைதட்டல் எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை. நெல்லளக்கையில் மரக்காலின் விளிம்புக்கு மேலே குவிந்ததைத் தட்டி விடுவது போல, அளக்கும் கருவிக்குக் கொள்ளளவு உண்டு, மிஞ்சியது கணக்கில் வராது என்ற கருத்து முழுதாக அதில் இருக்கிறது. ஆனால் தோல்வாத்தியக் கையேட்டில் அது நிற்காது. தட்டு என்றால் அடி, தலை என்றால் வலந்தலை. ‘தலைதட்டல் இல்லாமல் பதியுங்கள்’ என்று எழுதினால் வாசிப்பவர் திகைத்துப் போவார்.

> தறி என்றதும் நெசவுத்தறிதானே நினைவுக்கு வருகிறது?

தமிழ்நாட்டில் அப்படித்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் இன்றும் மரத்தைத் தறிக்கிறார்கள், அங்கே இது அன்றாடச் சொல். முகடு என்ற சொல் முன்னால் நிற்பதால் நெசவுக்குப் போக வழியும் இல்லை.

எனக்கு இதில் பெரிய ஈர்ப்பு, தன்வினையும் பிறவினையும் ஒரே வேரில் கிடைப்பது. கெயின் மிகுந்து தானாக நேர்ந்தால் முகடு தறிந்தது. பாடலின் ஓசையைக் கூட்டுவதற்காகப் பொறியாளர் வேண்டுமென்றே ஸ்நேர் டிரம்மின் உச்சிகளை வெட்டினால் முகடு தறித்தார். முன்னது விபத்து, பின்னது உத்தி. கிளிப்பிங் என்ற ஒரே சொல்லில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. கையேட்டில் நமக்கு இரண்டும் தனித்தனியே வேண்டும். உச்சி தட்டையாகாமல் வளைந்தே அமுங்கும் சாஃப்ட் கிளிப்பிங்குக்கு முகடு மழுங்கல் என்று வைக்கலாம். வெட்டுக்கும் மழுக்கத்துக்கும் உள்ள வேறுபாடு சொல்லிலேயே வந்துவிடும்.

முகட்டுக்கும் கூரைக்கும் நடுவே விட்டுவைக்கும் ஹெட்ரூமுக்கு மேலிடைவெளி என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். அப்படியே வைத்துக்கொள்ளலாம், எனக்கு மறுப்பில்லை. டீகிளிப்பிங் மென்பொருள்களுக்கு முகடு மீட்பு வேண்டாம். தொலைந்ததை அவை மீட்பதில்லை, இருபக்க வளைவைப் பார்த்து ஊகித்து நிரப்புகின்றன. முகடு நிரப்பல் சரியாக இருக்கும்.

மறுப்பு இருப்பவர்கள் சொல்லோடு ஒரு முழு வாக்கியமும் எழுதி அனுப்புங்கள். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல் ஓடுகிறதா என்று தெரியும். என் பங்குக்கு ஒன்று: ‘சிவப்பு விளக்கு எரிந்தால் முகடு தறிந்திருக்கிறது, கெயினை 6 டெசிபல் குறைத்து மறுபடி வாசியுங்கள்.’

அன்புடன்.