‘கன்வென்ஷனல்’ ஆளுக்கு என்ன பெயர்? வெள்ளிக்குள் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். சேலத்தில் பிளஸ் டூ மாணவர்களுக்கான வேலை வழிகாட்டிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் பிரித்த ஆறு ஆளுமை வகைகளில் ஐந்துக்குச் சொல் கிடைத்துவிட்டது. ‘கன்வென்ஷனல்’ மட்டும் இழுக்கிறது. வகுத்து வைத்த முறைப்படி வேலை பார்ப்பதில் நிம்மதி காண்பவர்கள். கணக்கு, ஆவணம், தரக்கட்டுப்பாடு எல்லாம் இவர்களுக்கு ஒத்துவரும். ‘மரபாளர்’ என்று போட்டேன். “சித்த வைத்தியரா மிஸ்?” என்றாள் ஒரு மாணவி.
— ஆசிரியை, சேலம்

அம்மா, மரபை ஏன் கைவிடுகிறீர்கள்? ‘எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே’ என்கிறது நன்னூல். செப்புதலைச் செய்தல் ஆக்குங்கள், உங்கள் ஆள் வந்து நிற்பார். பிடிக்காவிட்டால் ‘வரன்முறையாளர்’. வரல் + முறை. மகரத்தின் முன் லகரம் னகரமாயிற்று. கல்யாண வரனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஏற்காடு

ஐயா, கல்யாண வரன்கூடப் பரவாயில்லை. எங்கள் பக்கம் வரன்முறை என்றால் அங்கீகாரமில்லாத மனையை வரன்முறைப்படுத்துவதுதான். பெற்றோர் பத்திரத்தோடு பள்ளிக்கு வந்துவிடுவார்கள்.

நான் ஜவ்வரிசி ஆலை ஆய்வகத்தில் இருக்கிறேன். ஈரப்பதம் பார்க்க மாதிரியை எடை போட்டு, 105 டிகிரியில் காயவைத்து, டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய ஜாடியில்) ஆறவிட்டு, மறுபடி எடை போட வேண்டும். எடை மாறாமல் நிற்கும்வரை இதேதான். புதிதாக வந்த பையன் படு சுறுசுறுப்பு. ஆறவிடாமல் சுடச்சுடத் தராசில் வைத்துவிட்டான். சூட்டில் மேலெழும் காற்று கிண்ணத்தைத் தூக்கும், எடை குறைத்துக் காட்டும், இல்லாத ஈரம் கணக்கில் ஏறும். நல்ல சரக்கைத் தள்ளிவிட்டோம். அரை மணி நேரம் சும்மா உட்காரத் தெரிந்தவன்தான் எங்களுக்கு வேண்டும். ‘முறைவழியர்’ என்று வையுங்கள், புரியும்.
— ஆத்தூர்

முறைமாமன் ஞாபகம் வருகிறதே! தரம் பார்ப்பவருக்கு வேண்டியதெல்லாம் இலக்கணத்திலேயே இருக்கிறது, தம்பி. டிஃபெக்ட் வழு. சரியானது வழாநிலை. கொஞ்சம் பிசகினாலும் ஏற்கும் டாலரன்ஸ் வழுவமைதி. ஆகவே ஆள் ‘வழாநிலையர்’.
— ஏற்காடு

அய்யா, அங்கேதான் இடிக்கிறது. நான் எவர்சில்வர் தகட்டின் தடிமன் பார்க்கிறவன். டாலரன்ஸுக்குள் இருந்தால் அது வழுவே இல்லை. வரம்பு மீறியதைத் தெரிந்தே, காரணம் எழுதி, வாடிக்கையாளர் சம்மதத்தோடு அனுப்புகிறோமே, அதுதான் வழுவமைதி. அருமையான சொல், நாளை முதல் படிவத்தில் எழுதப் போகிறேன். ஆனால் வழாநிலையரை எந்தப் பிள்ளையும் வாயில் நுழைக்காது.

இன்னொன்று. 1959 கட்டுரையில் ஹாலண்ட் இந்த வகையை ‘கன்ஃபார்மிங்’ (இணங்கிப்போகிற) என்றுதான் எழுதினார். ‘கன்வென்ஷனல்’ பின்னால் வந்தது. அவருக்கே முதலில் சரியாக அமையவில்லை, நாம் ஏன் அடித்துக்கொள்கிறோம்?
— சேலம்

சரி, ‘முறைவழியர்’ என்றே அனுப்புகிறேன். மூன்று பேர் சம்மதம், ஒருவர் தனிமடலில் “எதையாவது போடுங்கள்” என்றார்.
— ஆசிரியை

அடைப்புக்குறிக்குள் வழாநிலையர் என்று சிறிய எழுத்திலாவது போடலாமே?
— ஏற்காடு

கட்டத்தில் இடமில்லை ஐயா.
— ஆசிரியை

எழுத்தைச் சிறிதாக்கினால் இடம் வரும்.
— ஏற்காடு