கையால செஞ்ச மாண்டலின்: ஆர்டர் குடுக்குறதுக்கு முன்னாடி என்ன கேக்கணும்?

அஸ்தம்பட்டிக்காரர்: பொண்ணு கர்நாடக சங்கீதம் கத்துக்குறா, தனியா பட்டறை வெச்சு செய்யுறவர்கிட்ட மாண்டலின் ஆர்டர் குடுக்கலாம்னு இருக்கோம், எட்டு கம்பியா அஞ்சு கம்பியாங்க?

தந்திப்பிரியன்: அஞ்சு கம்பி எலெக்ட்ரிக் தாங்க. கர்நாடக மாண்டலினுக்கே பேர் போன யு. ஸ்ரீனிவாஸ் வாசிச்ச வழி அதான். எட்டுல ஜோடி ஜோடியா கம்பி, கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்த அசைக்குறதுக்கு, இழுத்தா ரெண்டும் ஒண்ணா ஏறாது, சுருதி பிசிறும், புள்ளைக்கு விரலும் வலிக்கும்.

ஏற்காட்டுக்காரி: மரம் நல்லா காஞ்சதான்னு கேளுங்க. இங்க மழைக்கு மரம் உப்புது, கீழ சேலம் வெயிலுக்கு சுருங்குது, அதனால கழுத்துக்குள்ள ட்ரஸ் ராட் (கழுத்து வளைஞ்சா திருகி சரி பண்ற உலோகக் கம்பி) இருக்கணும், கண்டிப்பா.

தந்திப்பிரியன்: ஆமாங்க. அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி அவர் செஞ்சது ஒண்ண பாப்பாவே வாசிக்கட்டும், ட்யூனர் (சுருதி காட்டுற கருவி) வெச்சு 12வது ஃப்ரெட்ல (கழுத்து மேல குறுக்க இருக்குற உலோகக் கட்டை) சரியா மேல் ஸ்தாயி வருதான்னு பாருங்க.