கோயில் தமிழ் வகுப்பு: கரும்பலகையைக் கழற்றிவிட்டு டிவி மாட்டலாமா?

மோல்மீன் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். பர்மாவில், மோல்மீனில் எங்கள் கோயில் மண்டபத்தில் சனி, ஞாயிறு காலையில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். 11 வருடம் ஆகிறது. இப்போது 23 பிள்ளைகள். சின்னவளுக்கு 6 வயது, பெரியவனுக்கு 14. பாதி வீடுகளில் பர்மியம்தான் பேச்சு; பாட்டி இருக்கும் வீட்டில் மட்டும் தமிழ் காதில் விழுகிறது.

விஷயம் இதுதான். இங்கிருந்து வெளிநாடு போய் நல்லபடியாக இருக்கும் ஒரு குடும்பம் போன மாதம் கோயிலுக்கு வந்தது. வகுப்பைப் பார்த்தார்கள், பிள்ளைகளைப் பாடச் சொல்லிக் கேட்டார்கள். கிளம்பும்போது, "இன்னுமா இந்தப் பலகை? 55 அங்குல டிவி வாங்கித் தருகிறோம், இதைக் கழற்றிவிடுங்கள்" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். கமிட்டியும் சரி என்றுவிட்டது. மண்டபத்தில் வேறு சுவர் இல்லை. ஒரு பக்கம் சாமி படங்கள், ஒரு பக்கம் ஜன்னல், பின்னால் பாத்திர அறையின் கதவு. டிவி வந்தால் பலகை போயாக வேண்டும்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. பழகிய பொருள் என்பதால்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறேனா என்றும் பல நாள் யோசித்துவிட்டேன். அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

பலகை தேக்கு. 8 அடி நீளம், 4 அடி உயரம். இரண்டு அகலப் பலகைகளை மேலும் கீழுமாகச் சேர்த்தது. நடுவில் இணைப்பு ஓடுகிறது. சித்திரையில் அதில் நகம் நுழையும், ஆடியில் மூடிக்கொள்ளும். பிள்ளைகள் அதற்கு ஆறு என்று பேர் வைத்திருக்கிறார்கள். மேல்பக்கம் எதிர்க்கரை ஊரான மொட்டமா, கீழ்ப்பக்கம் மோல்மீன், நடுவில் தன்லவின் ஆறு. "சயாமா, என் 'ஞ' ஆற்றில் விழுந்துவிட்டது" என்பார்கள். சயாமா என்றால் பர்மியத்தில் டீச்சர்.

பலகையில் எனக்கு நடக்கும் வேலை ஒன்றைச் சொல்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் பர்மிய எழுத்துப் படித்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். பர்மியத்திலும் 'ப' உண்டு. நம்முடையது போலவே மேலே திறந்திருக்கும். ஆனால் அது உருண்டை, கிண்ணம் மாதிரி. நம்முடையது மூலை வைத்தது. முதல் மாதம் பூராவும் இவர்களுடைய 'ப' கிண்ணமாகத்தான் இருக்கும். நான் கிண்ணத்தைப் பலகையில் பெரிதாக எழுதுவேன். அதன் அடியை டஸ்டரால் துடைப்பேன். அந்த இடத்தில் நேர்கோடு போட்டு இரண்டு மூலையையும் கூராக்குவேன். அவர்கள் கண் முன்னாலேயே பர்மிய 'ப' தமிழ் 'ப' ஆகிவிடும். 'ய' வுக்கும் இப்படித்தான். இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கும்.

எழுதிக் காட்டும் வீடியோக்களும் போனில் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் வீடியோ பிள்ளைக்காக நிற்காது. நான் 'ண' எழுதும்போது இரண்டாவது சுழியோடு கையை நிறுத்திவிடுவேன். "இங்கேயே இறங்கினால் என்ன எழுத்து? இன்னொரு சுழி போட்டால் என்ன எழுத்து?" என்று கேட்பேன். 23 விரலும் காற்றில் சுழி போடும். யார் தப்பாகச் சுழிக்கிறார்கள் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

அப்புறம், சாக்பீஸைப் பிள்ளை கையில் கொடுப்பது. வாயே திறக்காத ஒரு 9 வயதுப் பையன் இருக்கிறான். வாசிக்கச் சொன்னால் அழுகை வந்துவிடும். வாராவாரம் தேதி எழுதுவது அவன் வேலை. எழுதி முடித்து, கொஞ்சம் பின்னால் வந்து நின்று பார்ப்பான். போன மாதம் முதல் தடவையாக, எழுதியதை வாய்விட்டும் படித்தான்.

குறையும் இருக்கிறது, மறைக்கவில்லை. பலகையின் நடுப்பகுதி சாம்பல் நிறமாகிப் பளபளக்கிறது. ஜன்னல் பக்கம் உட்காருகிறவர்களுக்கு எழுத்துத் தெரியவில்லை. மழைக்காலத்தில் சாக்பீஸ் நமத்துப் போகிறது. ஒரு பெண் பிள்ளைக்கு இளைப்பு உண்டு, தூசி பட்டால் இருமுகிறது. இன்னொரு பக்கம், எங்கள் தெருவில் வகுப்பு நேரத்தில் மின்சாரம் இருக்கும் நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

டிவியை மறுத்துவிடலாமா? பலகையை எப்படிச் சரிசெய்வது? தூசிக்கு என்ன செய்கிறீர்கள்?

தட்டோன் பெரியவர்:

மகளே, படித்ததும் என் பழைய வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது.

நான் இந்த ஊர்த் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். எங்கள் பலகையைக் கறுப்பாக்குவது வெள்ளிக்கிழமை வேலை. ஒரு கூட்டம் வேலியில் ஏறிக் கோவை இலை பறிக்கும். இன்னொரு கூட்டம் வீட்டு அடுப்பிலிருந்து கரி கொண்டுவரும். இரண்டையும் கல்லில் வைத்து அரைத்து, துணியில் தோய்த்து மேலிருந்து கீழாகத் தேய்ப்போம். காய்ந்தால் மை போல இருக்கும். ஊமத்தை இலையும் போடுவார்கள். அது விஷம், கை கழுவாமல் கண்ணைத் தொடக்கூடாது என்று வாத்தியார் பக்கத்திலேயே நிற்பார். எங்கள் சிலேட்டுக்கும் அதே பூச்சுதான். திங்கட்கிழமை காலையில் புதுக் கறுப்பில் முதல் எழுத்து விழுவதைப் பார்க்க நான் சீக்கிரமே ஓடுவேன்.

பர்மியர்களுக்கும் இது தெரிந்த வேலைதான். அந்தக் காலத்துக் கறுப்புப் பரபைக் பார்த்திருப்பாய். மடிப்பு மடிப்பாக இருக்கும் தடித்த காகிதம், அதன் மேல் கரிப் பூச்சு. மாக்கல் குச்சியால் எழுதுவார்கள். அழித்துவிட்டு மறுபடியும் எழுதலாம். அவர்களுடைய அரிச்சுவடிக்கே தின்போன்ஜி என்றுதான் பெயர், பெரிய எழுதுபலகை என்று பொருள். எனவே இந்த மண்ணில் பலகையைப் பழசு என்று யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பலகையின் வலது மூலையில் தினமும் வருகை எழுதுவோம். என் வகுப்பில் 41. 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள். அந்த மூலையில் 38 ஆனது, 30 ஆனது. அடுத்த வருடம் தனியார் பள்ளிகளும் அரசு கைக்குப் போயின. கடைசி நாளில் நான்தான் எழுதினேன், 17. எனக்குப் பத்து வயது. வாத்தியார் அதை அழிக்க விடவில்லை. கதவைப் பூட்டும்போது அந்த எண் பலகையிலேயே இருந்தது.

உன் பலகை எங்கிருந்து வந்தது என்று கோயிலில் மூத்தவர்களைக் கேட்டுப் பார். இந்தப் பக்கத்துக் கோயில் மண்டபங்களில் கிடக்கும் தேக்குப் பலகைகளில் சில, அப்படி மூடிய பள்ளிகளிலிருந்து தூக்கி வந்தவை. எதுவாக இருந்தாலும் கழற்றாதே.

பெகு அம்மா:

டீச்சர், நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் இளைய மகனுக்கும் இளைப்பு. அவன் படித்த இடத்தில் டஸ்டரை ஜன்னலில் தட்டினால் தூசி அப்படியே உள்ளே திரும்பி வரும். அன்று இரவு நானும் அவனும் தூங்க மாட்டோம். பலகை அழகுதான், ஆனால் மூச்சு விட முடியாத பிள்ளை அதை எப்படிப் பார்க்கும்? டிவி வேண்டாம் என்றால் வெள்ளைப் பலகையாவது வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பெண் பிள்ளையின் தாயாரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ரங்கூன் கணக்கு டியூஷன்:

அக்கா, நான் 9, 10 வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். மூன்று வருடம் வெள்ளைப் பலகை வைத்திருந்து, மறுபடியும் கரும்பலகைக்கே வந்துவிட்டேன். மார்க்கர் முன்னறிவிப்பில்லாமல் தீர்ந்துவிடும். பாதி எழுத்து மங்கலாக விழும், பின்வரிசைக்குத் தெரியாது. சாக்பீஸ் எவ்வளவு மிச்சம் என்று கையிலேயே தெரிகிறது. எழுத்துப் பழகும் சின்னப் பிள்ளைக்கு இன்னொரு சங்கடம், வெள்ளைப் பலகை வழுக்கும். கரும்பலகை கையைக் கொஞ்சம் பிடித்து இழுக்கும். கோடு பழகுகிற வயதில் அந்தப் பிடிப்பு வேண்டும்.

பலகை எப்படி வந்தது என்று என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. முதலில் வந்தது சிலேட்டு, ஆளுக்கு ஒன்று. வாத்தியார் ஒரு படத்தை எல்லாருக்கும் காட்ட வேண்டுமானால் வழி இல்லை. 1801-ல் அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவப் பள்ளியில் ஜார்ஜ் பாரன் என்பவர் கரும்பலகையில் கணக்கு நடத்தினார். ஸ்காட்லாந்தில் எடின்பரோ பள்ளித் தலைமையாசிரியர் ஜேம்ஸ் பில்லன்ஸ் கலர் சாக்பீஸால் பலகையில் பூகோளப் பாடம் நடத்தினார். 200 வருடமாகியும் கணக்கு வாத்தியார்கள் இதை விடவில்லை. ஜப்பானில் ஹாகொரோமோ என்ற சாக்பீஸ் கம்பெனி 2015-ல் மூடப்போகிறது என்றதும், அமெரிக்கக் கணிதப் பேராசிரியர்கள் பல வருடத்துக்குத் தேவையானதைப் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தார்கள். இப்போது கொரியாவில் அதைத் தயாரிக்கிறார்கள். ஒரு கணக்கைப் படிப்படியாக, யோசிக்கிற வேகத்தில் எழுதும்போதுதான் பிள்ளை கூடவே வருகிறது. நீங்கள் 'ண'வைப் பாதியில் நிறுத்துவதும் அதே வேலைதான்.

பெகு அம்மா சொன்னதை நான் தள்ளவில்லை. என் வகுப்பில் செய்வது: சாதாரண சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், லேசாகப் பறக்கும். தூசி குறைந்தது என்று விற்பது கால்சியம் கார்பனேட். துகள் கனம், கீழே விழுந்துவிடும். விலை கூடத்தான், ஆனால் அதையே வாங்குங்கள். வகுப்பு நடக்கும்போது டஸ்டர் வேண்டாம், லேசாக ஈரமாக்கிப் பிழிந்த துணி போதும். துடைத்த இடம் காய்ந்த பிறகுதான் எழுத வேண்டும். முதல் வரிசைப் பாய் பலகையிலிருந்து 6 அடி தள்ளி இருக்கட்டும். அந்தப் பிள்ளை ஜன்னலோரம் உட்காரட்டும். சாக்பீஸ் டப்பாவில் ஒரு துணியில் கொஞ்சம் அரிசி கட்டிப் போட்டால் மழையில் நமக்காது.

டிவியையும் மறுக்க வேண்டாம். தமிழ்ப் பேச்சே கேட்காத பிள்ளைகளுக்கு நல்ல உச்சரிப்பில் ஒரு கதையைப் போட்டுக் காட்ட அது உதவும். சக்கரம் வைத்த ஸ்டாண்டில் நிறுத்திப் பாத்திர அறையில் வையுங்கள். மின்சாரம் வந்தால் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

முடோன் தச்சர்:

அம்மா, பலகை வேலையை நான் சொல்கிறேன். தேக்கில் எண்ணெய் உண்டு. அப்படியே பெயின்ட் அடித்தால் ஒரு வருடத்தில் செதில் செதிலாக வரும். முதலில் 80 நம்பர் உப்புத்தாள், பிறகு 150. மரத்தின் ரேகையோடுதான் தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். பிறகு தின்னரில் நனைத்த துணியால் இரண்டு தடவை துடைத்து, உடனே பூச்சு. கரும்பலகைக்கென்று விற்கும் மினுமினுப்பில்லாத பெயின்ட் வாங்குங்கள். மெல்லிசாக இரண்டு கோட், முதலாவது குறுக்கே, இரண்டாவது நெடுக்கே. தடிப்பாக ஒரே கோட் அடித்தால் மறுபடியும் பளபளக்கும்.

நடு இணைப்பில் மக்கு வைத்து அடைக்காதீர்கள். மரம் சுருங்கி உப்பும்போது மக்கு உதிர்ந்துவிடும். பிள்ளைகளின் ஆறு அப்படியே ஓடட்டும்.

நன்றாகக் காய்ந்ததும் நேராக எழுத ஆரம்பித்துவிடாதீர்கள். சாக்பீஸைப் படுக்க வைத்துப் பலகை முழுக்க வெள்ளையாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாள் எழுத்தின் தடம் போகாது.

கண் கூசுவதற்கு: மேல் விளிம்புக்குப் பின்னால் 2 அங்குல ஆப்பு வைத்துப் பலகையைக் கொஞ்சம் முன்பக்கம் சாயுங்கள். ஜன்னல் வெளிச்சம் தரைக்குப் போய்விடும். தூசியும் எழுத்தின் மேல் தங்காது. கோடு வேண்டுமென்றால், சாக்பீஸ் பொடி தடவிய நூலை இரண்டு பக்கமும் பிடித்து அடித்தால் 8 அடிக்கும் நேராக விழும்.

மோல்மீன் டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. தட்டோன் ஐயா, நீங்கள் சொன்னபடி பூசாரி ஐயாவின் அம்மாவைக் கேட்டேன். இந்தப் பலகை மில் பக்கத்தில் இருந்த தமிழ்ப் பள்ளியிலிருந்து வந்தது, நான்கு பேர் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் என்றார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், ஏதாவது எழுதியிருக்கலாம் என்கிறார்.

பெகு அக்கா, அந்தப் பிள்ளையின் அம்மாவோடு பேசிவிட்டேன். ஈரத்துணி, கனமான சாக்பீஸ், ஜன்னலோரம், மூன்றையும் இரண்டு மாதம் பார்ப்போம். இருமல் குறையவில்லை என்றால் அவள் வரும் நாட்களில் வெள்ளைப் பலகைதான். அதில் நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன்.

டிவிக்காரர்களுக்கு இன்று எழுதினேன். டிவியோடு ஒரு ஸ்டாண்டும், 5 லிட்டர் கரும்பலகைப் பெயின்ட்டும் கேட்டிருக்கிறேன்.

தச்சர் ஐயா, ஒரே ஒரு கேள்வி. மழை பிடித்துவிட்டது. இந்த ஈரத்தில் பெயின்ட் காயுமா, அல்லது மார்கழி வரை பொறுக்க வேண்டுமா?

முடோன் தச்சர்:

காயும், நாள் எடுக்கும். டப்பாவில் ஒரு நாள் என்று போட்டிருந்தால் நீங்கள் மூன்று நாள் விடுங்கள். கோட்டுக்குக் கோட்டும் அப்படியே. சுவரில் மாட்டியபடி அடிக்க வேண்டாம், பின்பக்க ஈரம் போகாது. 5 லிட்டர் அதிகம், 1 லிட்டர் போதும். மீதிக் காசுக்கு நல்ல சாக்பீஸ் கேளுங்கள்.

வரும் ஞாயிறு வகுப்பு முடியும் நேரத்துக்கு வந்துவிடுகிறேன். கழற்றும்போது பின்பக்கத்தையும் பார்த்துவிடலாம். பெரிய பையன்களில் நான்கு பேரை இருக்கச் சொல்லுங்கள், உப்புத்தாள் நான் கொண்டுவருகிறேன். அடுத்த வார வகுப்புக்குப் பலகை இருக்காது. மண்டபம் சிமெண்டுத் தரைதானே? தரையில் எழுதட்டும்.