காமிக்ஸ் ஒரிஜினல் ஆர்ட் பத்தி தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

அண்ணன்மாரே, வணக்கம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல ஒரு பழைய சாமான் கடைல, எனாமல் தூக்குச்சட்டிக்குப் பின்னாடி, அட்டைல வரைஞ்ச காமிக்ஸ் பக்கங்க கெடந்துச்சு. புக்குல வர்ற சைஸவிட பெருசு, பலூனுக்குள்ள தமிழ் வசனத்தத் தனியா பேப்பர்ல எழுதி ஒட்டியிருக்கு, பசை காஞ்சு சிலது உரிஞ்சு வருது. கடைக்காரர் இது அச்சுக்காக ஓவியர் கையாலயே வரைஞ்ச ஒரிஜினல்னு சத்தியம் பண்றாரு, வெலை மட்டும் பர்மா தேக்குத் தூணு ரேட்டு.

சந்தேகம் என்னன்னா, 1972ல முத்து காமிக்ஸ் வந்த காலத்துலேர்ந்தே நம்ம படிச்சதுல நிறைய வெளிநாட்டுக் கதைதானே. இரும்புக்கை மாயாவி கதைய வரைஞ்ச ஜெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின்காரரு, லண்டன் பத்திரிகைக்கு வரைஞ்சது, அவரு கைபட்ட பக்கம் இங்க எப்படி வரும்? அப்ப இது ப்ரோமைட் பிரிண்ட் (போட்டோ பேப்பர்ல எடுத்த நகல்) மேல தமிழ ஒட்டினதா, இல்ல நம்மூர் ஆர்ட்டிஸ்ட் யாராச்சும் வரைஞ்சதா? லென்ஸ் வச்சு பாத்தா கருப்பு அடிச்ச எடம் திட்டுத்திட்டா பிரஷ் தடத்தோட இருக்கு, அழிக்காத பென்சில் கோடு தெரியுது, ஒயிட் போட்டு திருத்தின மேடு விரல்ல தட்டுப்படுது. ப்ரோமைட்னா வழவழன்னு இருக்கணும்ல?

கையெழுத்து இல்லாத பக்கத்துக்கு என்ன வெலை குடுக்கலாம், ஹீரோ முகம் பெருசா இருந்தா தனி ரேட்டாமே? உரியற வசனத்த நானே ஒட்டலாமா (செல்லோடேப் போடமாட்டேன், அது மஞ்சளாயிரும்)? பின்னாடி விக்கணும்னா யாரு வாங்குவாங்க?

வெவரம் தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்கண்ணே, மெட்ராஸ் பார்ட்டி ஒண்ணு கேக்குதாம், எல்லா கடைலயும் இதத்தான் சொல்வாங்க, இருந்தாலும் பயமா இருக்கு.