விண்வெளி நிலையத்தின் சிறுநீர்க் கருவி அடைத்துக்கொண்டது ஏன்?

கேள்வி:
சர்வதேச விண்வெளி நிலையத்தில், சிறுநீரில் உள்ள தண்ணீரில் 85% மீட்கும்படி வடிவமைத்த கருவி 2009-இல் அடைத்துக்கொண்டது. பிறகு 75 சதவீதத்துக்கும் கீழே இறக்கித்தான் ஓட்டினார்கள். தரைச் சோதனையில் நன்றாக ஓடியது மேலே போய் ஏன் அடைக்க வேண்டும்? ஈர்ப்பு இல்லாததுதான் காரணமா?

பதில் 1:
நேரடியாக அதுவல்ல. மேலே திரவமும் ஆவியும் தாமாகப் பிரியாது என்று தெரிந்துதான், காய்ச்சி வடிக்கும் கலத்தையே சுழலும் உருளையாகச் செய்தார்கள். சிறுநீர் உள்சுவரில் மெல்லிய படலமாகப் பரவும். அழுத்தம் குறைவு என்பதால் அதிகம் சூடாக்காமலே ஆவியாகும். அந்த ஆவியை அமுக்கி உருளையின் வெளிப்பக்கம் குளிர விடுவார்கள். அப்போது வெளிவரும் வெப்பம் உள்ளே அடுத்த படலத்தை ஆவியாக்கும். அருமையான அமைப்பு, அதில் பிழையில்லை.

கோளாறு உடம்பிலிருந்து வந்தது. எடையற்ற நிலையில் பாரம் சுமக்க வேண்டியில்லாத எலும்பு கால்சியத்தை இழக்கும். இடுப்பெலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5% வரை. அது சிறுநீரோடு வெளியேறும். சிறுநீர் கெடாமலிருக்கக் கழிவறையிலேயே கந்தக அமிலமும் குரோமியம் ட்ரையாக்சைடும் கலந்தார்கள். அமிலத்தின் சல்பேட்டும் எலும்பின் கால்சியமும் சேர்ந்தால் கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம். 85% தண்ணீரை எடுத்தால் மிச்சம் ஏறத்தாழ ஆறரை மடங்கு அடர்ந்துவிடும்; ஜிப்சம் கரைந்திருக்க இடமில்லாமல் படிகமாக இறங்கிக் கலத்தை அடைத்தது. தரையில் சோதித்தது பூமியில் நடமாடுகிறவர்களின் சிறுநீரை. அதில் இவ்வளவு கால்சியம் கிடையாது.

பதில் 2:
தீர்வையும் சேர்த்துவிடுகிறேன். கந்தக அமிலத்துக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலம். கால்சியம் பாஸ்பேட்டும் படியக்கூடியதுதான், ஆனால் கரைசல் நல்ல புளிப்பாக இருக்கும்வரை கரைந்தே இருக்கும். மீட்பு மறுபடி 85 சதவீதத்தைத் தாண்டியது. மிஞ்சும் உப்புக் கரைசலுக்கு 2021-இல் தனிக் கருவி போனது: சவ்வுப் பையில் ஊற்றி வெதுவெதுப்பான காற்றை ஓட்டினால் நீராவி மட்டும் வெளியே வரும். 2023-இல் எட்டிய 98% என்பது வியர்வை, மூச்சு ஈரம் எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கு. சிறுநீரின் 85 சதவீதத்தோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. தரையில் இருப்பவர்களுக்கு இதில் ஏதாவது உண்டா?

பதில் 1:
உண்டு. எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் அலெண்ட்ரோனேட்டை வாரம் 70 மில்லிகிராம், உடற்பயிற்சியோடு சேர்த்து விண்வெளி வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-இல் வெளியான முடிவு: எலும்பு அடர்த்தி பெரும்பாலும் நிலைத்தது, சிறுநீர்க் கால்சியமும் குறைந்தது. ஏழு பேரிடம் மட்டும் நடந்த ஆய்வு, அதை மறக்கக் கூடாது. ஆனால் படுக்கையில் கிடப்பவருக்கும் எலும்பு இதே காரணத்தால்தான் கரைகிறது. சிறுநீரகக் கல் அபாயமும் அப்படியே.

பதில் 3:
ஆர்.ஓ. ஆலை நடத்துபவர்களுக்கும் இது பழகிய தலைவலி. கால்சியம் மிகுந்த தண்ணீரில் பி.எச். குறைக்கக் கந்தக அமிலம் விட்டால் சவ்வில் ஜிப்சம் படியும். ஒருமுறை இறுகினால் அமிலத்தில் கழுவினாலும் எளிதில் போகாது. அங்கே ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு மாறுங்கள், அல்லது மீட்பு விகிதத்தைக் குறையுங்கள்.