பயந்து வரும் நாயைத் தடவலாமா, கூடாதா?

கட்டிலடி:
"விடுமுறையில் செல்லப்பிராணிகள்" இழையில் பழைய பயிற்சியாளர் ஐயா நேற்று எழுதியது இது: "புத்தாண்டு வெடிச்சத்தத்துக்கு நடுங்கும் நாயைத் தொடாதீர்கள். தடவிக் கொடுத்தால் பயத்துக்குப் பரிசு கொடுத்ததாக ஆகும். அடுத்த முறை இன்னும் அதிகமாகப் பயப்படும்." கீழே வரிசையாக நன்றி வேறு. படித்ததும் பொறுக்கவில்லை, அதனால்தான் தனி இழை.

பயம் நாய் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. "உட்கார்" என்றதும் உட்கார்ந்து பிஸ்கட் வாங்குவது ஒன்று. சத்தம் கேட்டதும் நெஞ்சு படபடக்க, எச்சில் ஒழுக, கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வது முற்றிலும் வேறு. பிஸ்கட் கொடுத்து உட்காரும் பழக்கத்தை வளர்க்கலாம். பயத்தை அப்படி வளர்க்க முடியாது. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாயின் காது 45,000 வரை போகும். நமக்கே அதிர்கிற இரவில் அதற்கு எப்படி இருக்கும்? அந்த நேரத்தில் நம்மைத் தேடி வருகிற உயிரைத் தள்ளி வைக்கச் சொல்வது அறிவுரையே இல்லை. தடவலாம். தாராளமாகத் தடவலாம்.

பழைய பயிற்சியாளர்:
தனி இழை திறந்து மரியாதை செய்ததற்கு நன்றி. நான் நாய்களைப் பழக்கத் தொடங்கிய காலத்தில் இந்த மன்றமே கிடையாது.

புலம்புவது, காலைச் சுரண்டுவது, மடியில் ஏறுவது எல்லாமே செயல்கள். எந்தச் செயலுக்கு என்ன கிடைக்கிறது என்று நாய் கவனித்துக்கொண்டே இருக்கும். சத்தம் வரும்போதெல்லாம் மடி கிடைத்தால், மடி இல்லாத இரவில் அது என்ன செய்யும்? கொஞ்சிக் கெடுத்த நாய்களைத்தான் கடைசியில் என்னிடம் கொண்டு வருகிறார்கள். தடவாதீர்கள் என்றேன். இனியும் அதையேதான் சொல்வேன்.

கட்டிலடி:
செயலைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் பயத்தைப் பற்றிப் பேசுகிறேன். சத்தம் நின்ற பிறகும் மடிக்காகப் புலம்பினால் அது பழக்கம், சரி. சத்தத்தின் நடுவே நடுங்குவது பழக்கமா? விலங்கு நடத்தையைப் படித்த கால்நடை மருத்துவர்கள் இன்று பெரும்பாலும் சொல்வது, அமைதியாக ஆறுதல் கொடுப்பதால் பயம் கூடாது என்பதுதான். உங்கள் வரி பழைய காலத்துப் பாடம். தடவலாம்.

மூன்றுபூனை:
இது செல்லப்பிராணிகள் மன்றமா, நாய்களின் மன்றமா? விடுமுறைக்கு வீடு தேடி வரும் பூங்கொத்தில் லில்லி இருந்தால் பூனைக்கு எமன். இதழ், இலை, மகரந்தம், குவளைத் தண்ணீர் என எதை நக்கினாலும் சிறுநீரகம் போய்விடும். அலங்கார மரத்தில் தொங்கவிடும் ஜரிகை நாடாவை விழுங்கினால் குடல் சுருண்டு, அறுவை சிகிச்சை வரை போகும். இதைப் பற்றி அந்த இழையில் ஒரு வரி உண்டா?

சிப்புக்காரர்:
எங்கள் வீட்டில் இந்தத் தொல்லையே இல்லை. மைக்ரோசிப் போட்டாயிற்று. பயந்து ஓடினாலும் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும், போய்க் கூட்டி வரலாம்.

கட்டிலடி:
தெரியாது நண்பரே. அந்தச் சிப்பில் பேட்டரி கிடையாது, அது செயற்கைக்கோளோடு பேசாது. அரிசி அளவில் இருக்கும், உள்ளே ஒரு எண். யாராவது நாயைப் பிடித்து, மருத்துவமனைக்கோ காப்பகத்துக்கோ கொண்டுபோய், சிப்பைப் படிக்கும் கருவியை அருகில் வைத்தால் அந்த எண் தெரியும். பதிவேட்டில் உங்கள் பழைய தொலைபேசி எண் இருந்தால் அதுவும் வீண். விடுமுறைக்கு முன்பே எண்ணைச் சரிபாருங்கள். கழுத்துப்பட்டையில் பெயர்த்தகடு மாட்டுங்கள். கதவு, சன்னலைச் சாத்துங்கள். வெளிச்சம் இருக்கும்போதே வாரோடு நடத்திக் கூட்டி வந்துவிடுங்கள்.

சிப்புக்காரர்:
சிப் போட்ட மருத்துவமனையில் எனக்கு அப்படிச் சொல்லவில்லையே. நீங்கள் மருத்துவரா?

கட்டிலடி:
மருத்துவராக இருந்தால்தான் பேட்டரி இல்லை என்று சொல்லலாமா? அடுத்த முறை போகும்போது அங்கேயே கேளுங்கள்.

பழைய பயிற்சியாளர்:
பாருங்கள், யார் என்ன சொன்னாலும் இவருக்குத் திருத்த வேண்டும். போன குளிர்காலத்திலும் இப்படித்தான். "30 கிலோ நாய் ஒரு துண்டு பால் சாக்லேட் தின்றுவிட்டால் பதற வேண்டாம்" என்று எழுதினேன். நாய்களைக் கொல்லப் பார்க்கிறேன் என்று இவர் ஊரைக் கூட்டினார். அந்த இழையை நான் மறக்கவில்லை.

கட்டிலடி:
நானும் மறக்கவில்லை. நீங்கள் "30 கிலோ" என்று எழுதியதை யார் கவனித்தார்கள்? "பதற வேண்டாம்" என்பதை மட்டும்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதனால்தான் கத்தினேன், இன்றும் கத்துவேன்.

கணக்குப்பிள்ளை:
இருவரும் கணக்குப் போடாமல் சண்டை போடுகிறீர்கள். சாக்லேட்டில் நஞ்சாவது முக்கியமாகத் தியோப்ரோமின். பால் சாக்லேட்டில் கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம், அடர் சாக்லேட்டில் 5, சமையலுக்கான கசப்புச் சாக்லேட்டில் 14க்கும் மேல். உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனால் வாந்தி, பேதி தொடங்கலாம். 40க்கு மேல் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், 60ஐத் தாண்டினால் வலிப்பு வரலாம். 30 கிலோ நாய்க்குப் 10 கிராம் பால் சாக்லேட் என்றால் கிலோவுக்கு 1 மில்லிகிராம்கூட இல்லை. அதே வீட்டில் 5 கிலோ நாய் 100 கிராம் அடர் சாக்லேட்டைத் தின்றால் கிலோவுக்கு 100. நாயின் உடலில் அது பாதியாகக் குறையவே 17 மணி நேரம் போல ஆகும். மாலையில் நன்றாக இருந்ததே என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை இல்லாத மிட்டாயில் உள்ள சைலிட்டால் இதைவிட வேகம், அரை மணியிலேயே ரத்தச் சர்க்கரை விழுந்துவிடலாம்.

பழைய பயிற்சியாளர்:
நன்றி கணக்குப்பிள்ளை. நான் சொன்னது சரி என்று எல்லோரும் குறித்துக்கொள்ளவும்.

கட்டிலடி:
சாக்லேட் கணக்கு சரியானால் தடவுவதும் சரியாகிவிடுமா? இழையின் தலைப்பு தடவுவது. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

வானவேடிக்கை:
நான் பட்டாசு வெடிப்பவன். வருடத்தில் ஒரே ஒரு இரவு. அதற்கும் குழந்தைகள் நாய்களிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

மூன்றுபூனை:
நாய்களிடம் மட்டும்தான் வாங்குவார்கள் போல. பூனைக்கு 60,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் கேட்கும். யாருக்குக் கவலை?

கட்டிலடி:
வானவேடிக்கை, யாரும் வெடிக்காதே என்று சொல்லவில்லை. எத்தனை மணிக்கு வெடிப்பீர்கள் என்று தெருவில் முன்கூட்டிச் சொன்னால் போதும். அதற்குள் உணவு, நடை முடித்து, உள்ளறையில் திரை போட்டு, வானொலியை ஓடவிட்டுப் படுக்கவைப்போம். சொன்ன நேரத்தைத் தாண்டி நள்ளிரவு இரண்டுக்கு ஒன்று போடுகிறீர்களே, அதுதான் கொடுமை. அதைக் கேட்டு அலறியடித்து ஓடுகிற நாயை யாரும் தேட வருவதில்லை.

வானவேடிக்கை:
எங்கள் பக்கம் இரண்டு மணிக்கு யாரும் வெடிப்பதில்லை. பொத்தாம்பொதுவாகப் பழி போடாதீர்கள்.

தூக்கமில்லை:
நாங்கள் போன முறை வீட்டில் இருந்த மயக்க மாத்திரை கொடுத்தோம். அசிப்ரோமசின் என்று அட்டையில் இருந்தது. அசையாமல் கிடந்தது. தடவவும் தேவைப்படவில்லை.

கட்டிலடி:
அசையாமல் கிடந்தது, பயமில்லாமல் கிடந்ததா? அந்த மருந்து உடலைத்தான் கட்டிப்போடும், பயத்தை எடுக்காது. சத்தம் இன்னும் உறைக்கலாம், ஆனால் எழுந்து ஓட முடியாது. சத்தப் பயத்துக்கு என்றே உள்ள மருந்துகள் வேறு. டெக்ஸ்மெடிடோமிடின் பசையை ஈறில் தடவக் கொடுக்கிறார்கள், அமெரிக்காவில் அதற்கு அனுமதியும் இருக்கிறது. எதுவானாலும் மருத்துவர் எடை பார்த்து எழுதித் தர வேண்டும், அதுவும் விடுமுறைக்கு முன்பே. மிச்சம் கிடந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து.

தூக்கமில்லை:
அதையும் முன்பு ஒரு மருத்துவர்தான் தந்தார். நான் என்ன கொலைகாரனா?

பழைய பயிற்சியாளர்:
மருந்து, பசை, வானொலி! நாய்க்குத் தைரியம் கற்றுக்கொடுப்பது மட்டும் இவர்கள் பட்டியலில் இல்லை. வெடிச்சத்தத்தின் ஒலிப்பதிவை மெல்லிய சத்தத்தில் மாதக்கணக்கில் போட்டு, கூடவே தின்பண்டம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டிப் பழக்க வேண்டும். அது உழைப்பு. உழைக்க மனமில்லாதவர்கள் கடைசி இரவில் தடவிக்கொண்டு உட்காருகிறார்கள்.

கட்டிலடி:
தின்பண்டம் கொடுக்கலாமா? சத்தம் வரும்போது தின்பண்டம் கொடுத்தால் அது பயத்துக்குப் பரிசு ஆகாதா? உங்கள் கணக்குப்படி ஆக வேண்டுமே! தின்பண்டத்துக்கு ஒரு நியாயம், கைக்கு ஒரு நியாயமா?

பழைய பயிற்சியாளர்:
தின்பண்டம் பயம் வருவதற்கு முன். கை பயம் வந்த பின். வித்தியாசம் புரியாதவரிடம் எப்படிப் பேசுவது?

கட்டிலடி:
வெடிக்கிற நேரத்தை உங்களிடம் சொல்லிவிட்டா வெடிக்கிறார்கள், முன்னாலேயே கொடுக்க? சத்தம் வந்ததும் கொடுக்கிறோம், நாய் தின்றால் நல்லது. தின்ன முடியாத அளவுக்குப் பயந்திருந்தால் கை இருக்கிறது.

நடுநிலை:
மன்ற நிர்வாகி சார்பில். இருவரும் "தடவுவது" என்றால் என்ன என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் பேசலாமே. தானாக வந்து ஒட்டும் நாயின் மேல் அமைதியாகக் கை வைப்பதா, அல்லது இழுத்துக் கட்டிப்பிடித்து நாமும் சேர்ந்து பதறுவதா?

பழைய பயிற்சியாளர்:
தடவுவது என்றால் தடவுவதுதான். இதற்கு அகராதி வேண்டாம்.

கட்டிலடி:
இதில் மட்டும் அவரோடு உடன்படுகிறேன். தடவலாம்.

மூன்றுபூனை:
லில்லி பற்றி இன்னும் ஒருவர்கூடப் பதில் எழுதவில்லை. வாகனக் குளிர்த் திரவம் தரையில் சிந்தியிருந்தால் அதையும் பூனை நக்கும், அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் கொஞ்சம் போதும், சிறுநீரகம் செத்துவிடும். முதல் சில மணி நேரத்துக்குள் மாற்று மருந்து கிடைக்காவிட்டால் பிழைப்பது கடினம். நீங்கள் தடவிக்கொண்டே இருங்கள்.

பழைய பயிற்சியாளர்:
நாளை நானே தனி இழை திறக்கிறேன், "நாயைக் கொஞ்சிக் கெடுப்பவர்கள்" என்று. பெயர் சொல்ல மாட்டேன், எல்லோருக்கும் தெரியும்.

கட்டிலடி:
திறங்கள், முதல் பதில் என்னுடையதாகத்தான் இருக்கும். அதற்கு முன்னால் பழைய இழையில் இருக்கும் "தொடாதீர்கள்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். புத்தாண்டுக்கு முன் அதைப் படித்துவிட்டு யாராவது நடுங்குகிற நாயை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினால் யார் பொறுப்பு?

பழைய பயிற்சியாளர்:
வெளியே விடச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? வரியைக் காட்டுங்கள். ஒரு எழுத்தையும் எடுக்க மாட்டேன்.