ஏரி எங்களுடையது, கால்வாய் பக்கத்து மாவட்டத்துடையது: உள்ளாட்சிகள் சேர்ந்து வேலை செய்ய வழி உண்டா?

வார்டு உறுப்பினர் (காஞ்சிபுரம் மாவட்டம்) எழுதியது:

வணக்கம். காஞ்சிபுரம் மாவட்டத்தின் வடக்கு எல்லையை ஒட்டிய ஓர் ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஏற்கெனவே போதுமான சண்டை நடந்துவிட்டது.

எங்கள் ஏரி நிரம்பினால் கலங்கலில் வழியும் நீர் போக்குக் கால்வாயில் இறங்கிக் கொஞ்ச தூரத்திலேயே திருவள்ளூர் மாவட்டத்துக்குள் நுழைகிறது. முதலில் ஓர் ஊராட்சி, அதைத் தாண்டினால் ஒரு நகராட்சி. எங்கள் பக்கம் கால்வாய் இருபதடி அகலம். எல்லையில் சாலைக்குக் குறுக்கே ஒரு சிறுபாலம். அதன் அடியில் இருப்பவை இரண்டே சிமென்ட் குழாய்கள். ஒன்றில் பாதிக்குமேல் மண். மற்றொன்றின் வாயில் எப்போதும் ஏதாவது ஒரு வாழைமட்டையோ கிழிந்த தார்ப்பாயோ சிக்கியிருக்கும்.

பெருமழை பெய்தால் தண்ணீர் அந்தப் பாலத்தில் முட்டித் திரும்பி எங்கள் காலனிக்குள் ஏறுகிறது. எங்கள் ஆட்கள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு சாலையை வெட்டப் போகிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் மணல் மூட்டையோடு எதிரே நிற்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியவில்லை. சாலையை வெட்டினால் முதலில் மூழ்குவது அவர்களுடைய பள்ளிக்கூடம். அவர்களோ நகராட்சியைக் கைகாட்டுகிறார்கள். நகராட்சி கட்டிய புது வடிகால் பழைய கால்வாயைவிட மேடாக இருக்கிறதாம். நகராட்சியைக் கேட்டால், மேலே இருக்கும் ஊர்கள் ஏரியைத் தூர் வாராததுதான் காரணம் என்கிறார்கள்.

முன்பெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் பரவலாகப் பெய்த மழை இப்போது இரண்டு நாளில் கொட்டித் தீர்க்கிறது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. அது எங்கள் தலைமேல் விழுந்தால் இந்த இரண்டு குழாய்களும் என்ன செய்யும்?

அலுவலகத்தில் கேட்டால் "அது வேறு மாவட்டம்மா" என்பதோடு பேச்சு முடிகிறது. எங்கள் பக்கம் உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. திருவள்ளூர் பக்கம் 2019 டிசம்பரில் நடந்ததால் 2025 ஜனவரியோடு அவர்கள் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் வந்துவிட்டார். அந்த ஊரில் யாரோடு உட்கார்ந்து பேசுவது என்பதே குழப்பம்.

மூன்று உள்ளாட்சிகள், இரண்டு மாவட்டங்கள், ஒரே தண்ணீர். சேர்ந்து முடிவெடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? வேறு எங்காவது இப்படிச் சேர்ந்து செய்து காட்டியிருக்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "மக்கள் ஒற்றுமையாக இருக்க வேண்டும்" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். அது கிராம சபையில் தாராளமாகக் கிடைக்கிறது.


ஓய்வுபெற்ற ஓவர்சியர் எழுதியது:

அம்மா, முதலில் தலைப்பைத் திருத்துங்கள். ஏரி உங்களுடையது அல்ல. ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறையுடையது. குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. சாலை யாருடையது என்று நீங்கள் எழுதவே இல்லை. ஒன்றியச் சாலையா, மாவட்டச் சாலையா? சிறுபாலத்தை மாற்றும் உரிமை சாலைக்காரரிடம் இருக்கிறது. ஆகவே உங்கள் மூவரோடு இன்னும் இரண்டு பேருக்கு நாற்காலி போட வேண்டும்.

சட்டத்தில் இடம் இருக்கிறதா என்றால், தாராளமாக இருக்கிறது. அரசியலமைப்பின் 243இசட்டி பிரிவைப் படியுங்கள். மாவட்டத் திட்டக் குழு, ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான விஷயங்களைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு, தண்ணீரைப் பகிர்வதையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 1992-இல் எழுதியது. ஆனால் அது ஒரு மாவட்டத்துக்குள் அடங்கும் குழு. உங்கள் தண்ணீர் எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை.

அதைவிட உங்களுக்கு உதவுவது 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம். ஓர் ஊராட்சி வேறு உள்ளாட்சிகளோடு சேர்ந்து கூட்டுக் குழு அமைத்துக்கொள்ளலாம். ஊராட்சிகளின் ஆய்வாளர், அதாவது ஆட்சியர், கேட்டுக்கொண்டால் அமைத்தே தீர வேண்டும். என் பணிக்காலத்தில் இதைப் பயன்படுத்திய ஊராட்சி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அலமாரியில் இருக்கிறது, தூசி தட்டி எடுக்கலாம்.

மனுவில் "காலநிலை" என்ற சொல்லையும் சேருங்கள். ஏன் என்றால், அதற்கென்று இப்போது ஒரு மேசை இருக்கிறது. 38 மாவட்டங்களிலும் காலநிலை மாற்ற இயக்கம் அமைத்திருக்கிறார்கள். ஆட்சியர் அதன் இயக்குநர். மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். வடிகால் புகாராகப் போனால் உங்கள் மனு வட்டார வளர்ச்சி அலுவலரின் மேசையோடு நின்றுவிடும். இரண்டு ஊரின் கிராம சபையும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டு, இரண்டு ஆட்சியர்களுக்கும் இயக்குநர் என்ற முறையில் அனுப்பினால் கதை வேறு. தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை கூடத்தான் வேண்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபை இதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது.

ஆனால் தீர்மானத்துக்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் பதிவில் "மேடாக இருக்கிறதாம்" என்று ஒரு சொல் இருக்கிறது. அந்த "ஆம்" என்பதுதான் உங்கள் சண்டை முழுவதும். எத்தனை சென்டிமீட்டர் மேடு? யார் அளந்தார்கள்? லெவல் கருவியை வைத்து உங்கள் கலங்கலின் உச்சி, கால்வாயின் படுகை, பள்ளிக்கூடத்தின் வாசற்படி, வடிகாலின் அடித்தளம் எல்லாவற்றின் உயரத்தையும் ஒரே ஆதாரக் குறியிலிருந்து, அதாவது உயரம் தெரிந்த ஒரே நிலையான புள்ளியிலிருந்து, எடுங்கள். ஒவ்வொரு துறையும் தனித்தனி ஆதாரத்தை வைத்துக்கொண்டு அளந்தால் எல்லோருடைய வரைபடத்திலும் தண்ணீர் அழகாக ஓடும். தரையில் மட்டும் ஓடாது.


ஃபோர்ட் லாடர்டேல்வாசி எழுதியது:

ஓவர்சியர் ஐயா சொன்ன கடைசிப் பத்தியைப் படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் இருக்கும் தென்கிழக்கு ஃபுளோரிடாவின் கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

இங்கே பாம் பீச், பிராவர்ட், மயாமி-டேட், மன்றோ என்று நான்கு கவுண்டிகள். நம் மாவட்டம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் நடத்துவது. நான்குக்குள்ளும் நூற்றுக்கும் மேற்பட்ட நகராட்சிகள். கடல் மட்டம் எவ்வளவு உயரும் என்பதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வோர் எண்ணை வைத்திருந்தார்கள். ஒரே கடற்கரை, ஆளுக்கொரு கணக்கு. அதைக் கொண்டு போய் வாஷிங்டனில் நிதி கேட்டால் யார் நம்புவார்கள்? 2009-இல் ஒரு மாநாட்டில் கூடிப் பேசி, 2010 ஜனவரிக்குள் நான்கு கவுண்டி மன்றங்களும் காலநிலை விஷயத்தில் சேர்ந்து செயல்பட ஓர் உடன்படிக்கையை ஏற்றன.

அதற்குச் சட்ட அதிகாரம் எதுவும் இல்லை, அக்கா. புதிதாக ஒரு வாரியம் அமைக்கவில்லை. ஒவ்வொரு கவுண்டியும் தன் ஊழியர்களில் சிலரை ஒரு வழிநடத்தும் குழுவுக்கு அனுப்புகிறது. தண்ணீர் மேலாண்மை மாவட்டம் என்ற பெயரில் வெள்ளத்தையும் நீர்வளத்தையும் பார்க்கும் வட்டார அமைப்பும் உடன் உட்காருகிறது. ஆண்டு மாநாட்டை முறை வைத்து நடத்துகிறார்கள். குழு முதலில் செய்த பெரிய வேலை, 2011-இல் எல்லோருக்குமான ஒரே கடல் மட்டக் கணிப்பு: 2060-க்குள் 9 முதல் 24 அங்குலம். 110 பரிந்துரைகள் கொண்ட செயல்திட்டம் அதற்குப் பிறகுதான், 2012-இல் வந்தது. எண்ணை 2015-இலும் 2019-இலும் புதுப்பித்தார்கள். ஒவ்வொரு முறையும் ஏறித்தான் இருக்கிறது.

இங்கே பெரிய சுவர் கட்டித் தப்பிக்க முடியாது. அடியில் இருப்பது துளை துளையான சுண்ணாம்புப் பாறை. கடல்நீர் கீழே இருந்து ஊறி மேலே வந்துவிடும். இலையுதிர் காலத்துப் பெரிய அலையேற்றத்தின்போது வெயில் அடித்துக்கொண்டிருக்க, வானத்தில் மேகமே இல்லாமல், மழைநீர் வடிகாலின் கம்பிச் சட்டம் வழியாகத் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டு தெருவுக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். அதில் சின்ன மீன்களும் வரும்.

ஒரே எண் இருந்ததால் நடந்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். கால்வாயோரம் வீடு கட்டியவர்கள் ஒவ்வொருவரும் தன் தடுப்புச் சுவரைத் தன் இஷ்டப்படி கட்டியிருந்தார்கள். ஒருவர் உயர்த்தினால் பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர். 2020-இல் பிராவர்ட் கவுண்டி, அலை ஏறும் கால்வாய்களின் சுவர்கள் 2050-க்குள் ஐந்தடி உயரத்தை எட்ட வேண்டும் என்று விதித்தது. ஐந்தடி என்றால் சுவரின் அடியிலிருந்து அல்ல. பொது ஆதார மட்டத்திலிருந்து. எல்லா நகரங்களுக்கும் அதே மட்டம்.

எல்லாம் இனிப்பாக முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 2019 டிசம்பரில் கீ வெஸ்ட்டில் நடந்த ஆண்டு மாநாட்டில் மன்றோ கவுண்டி ஒரு கணக்கை வெளியிட்டது. சுமார் மூன்று மைல் நீளமுள்ள ஒரு தீவுச் சாலையை 2025-ஆம் ஆண்டின் கடல் மட்டத்துக்கு ஏற்ப உயர்த்தவே 7.5 கோடி டாலர். அந்தச் சாலையை நம்பி இருப்பவை ஏறத்தாழ இருபத்தைந்து வீடுகள். எல்லாச் சாலைகளையும் காப்பாற்ற முடியாது என்று மேடையிலேயே சொன்னார்கள். கூட்டு முயற்சி அந்தக் கேள்வியைத் தீர்த்துவிடவில்லை. கணக்கைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாமல் செய்தது, அவ்வளவுதான்.


டார்ட்முண்ட் தமிழர் எழுதியது:

சுருக்கமாக ஒன்று. காசு யார் போடுவது என்பதை யாரும் இன்னும் தொடவில்லை.

இங்கே ஜெர்மனியில், எங்கள் பக்கத்து எம்ஷர் ஆறு நிலக்கரிச் சுரங்கங்களால் மண் அமுங்கி, புதைசாக்கடை போட முடியாமல், திறந்த சாக்கடையாகவே ஓடியது. மேலூர் கழிவு கீழூருக்கு. கீழூர் மேலூர்மேல் வழக்கு. 1899-இல் நகரங்களும் சுரங்க நிறுவனங்களும் ஆலைகளும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. 1904-இல் பிரஷ்ய அரசு தனிச் சட்டம் போட்டு அதை உறுதி செய்தது. உறுப்பினராக இருப்பது விருப்பம் அல்ல, கட்டாயம். அழுக்கு விடுகிறவரும் அதனால் பலன் பெறுகிறவரும் சந்தா கட்ட வேண்டும். அந்த அமைப்பு இன்றும் இருக்கிறது. 1992-இல் தொடங்கி 2021 இறுதியில் ஆற்றில் சாக்கடை கலப்பதை முழுவதும் நிறுத்தினார்கள். செலவு ஏறத்தாழ 550 கோடி யூரோ.

மழைக்கும் இதே கூட்டுதான். 2005-இல் எம்ஷர் நகரங்கள், பதினைந்து ஆண்டுகளில் 15 சதவீத மழைநீரைச் சாக்கடைக் குழாயிலிருந்து பிரித்து மண்ணுக்குள் விடுவது என்று ஒப்பந்தம் செய்தன.

ஃபுளோரிடா நண்பர் சொல்வது மனமொத்த உடன்படிக்கை. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. பணம் கேட்கும் நாள் வந்தால் மனம் ஒத்திருப்பவர்கள் பாதியாகிவிடுவார்கள். ஓவர்சியர் ஐயா சொன்ன "ஆட்சியர் கேட்டால் அமைத்தே தீர வேண்டும்" என்ற விதியைத்தான் நான் பிடித்துக்கொள்வேன்.


வார்டு உறுப்பினர் (காஞ்சிபுரம் மாவட்டம்) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சாலை ஒன்றியச் சாலைதான், விசாரித்துவிட்டேன். ஆனால் எங்கள் ஒன்றியம் அல்ல, அவர்களுடையது.

கட்டாயம் நல்லதுதான். ஆனால் ஆட்சியர் உத்தரவோடு அந்த ஊருக்குள் போனால் அடுத்த மழையில் மணல் மூட்டை இரண்டு வரிசையாக இருக்கும். எனக்கு முதலில் அந்த ஊரிலிருந்து ஒருவர் வேண்டும். முன்னாள் தலைவி இருக்கிறார். பதவி போனாலும் ஊர் அவர் பேச்சைக் கேட்கிறது. அவர் பதவியில் இருந்தபோது கூட்டத்துக்கு வந்து பேசியதெல்லாம் அவர் கணவர். இப்போதுதான் அவரிடமே நேராகப் பேச முடிகிறது. அவர் அளவெடுக்கச் சம்மதம் என்கிறார், ஒரு நிபந்தனையோடு: அளப்பவர் எங்கள் ஊர் ஆளாக இருக்கக் கூடாது.

ஐயா, லெவல் எடுக்க யாரைக் கூப்பிடலாம்? தண்ணீர் ஏறிய உயரத்துக்கு எங்கள் அங்கன்வாடிச் சுவரில் மஞ்சள் பெயின்டில் கோடு போட்டு வைத்திருக்கிறோம். அதையும் சேர்க்கலாமா?


ஓய்வுபெற்ற ஓவர்சியர் எழுதியது:

கட்டாயம் சேர்க்க வேண்டும். அவர்கள் பள்ளிக்கூடச் சுவரிலும் பாசிக் கறை இருக்கும், அதையும் எடுங்கள். உங்கள் கோட்டை மட்டும் எடுத்தால் அது மனு. இரண்டையும் எடுத்தால்தான் அளவு.

பக்கத்தில் பாலிடெக்னிக் இருந்தால் சிவில் துறைத் தலைவரிடம் கேளுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு சர்வே பயிற்சிக்கு இடம் தேடிக்கொண்டே இருப்பார்கள். இரு ஊருக்கும் சொந்தமில்லாதவர்கள், செலவும் சாப்பாடு மட்டும்தான். ஆதாரக் குறிக்குப் பழைய பாலம், கோயில் மதில் எதிலாவது அளவைத் துறையின் குறி வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ரயில் நிலையப் பெயர்ப் பலகையில் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். கணக்குக்கு அது போதாது, ஆனால் ஊராருக்கு விளக்க வசதி.

சித்திரை, வைகாசியில் கால்வாய் காய்ந்திருக்கும்போது எடுங்கள். இரண்டு குழாய்களின் அடிமட்டமும் வேண்டும். மண் மூடிய குழாயைத் தோண்டாமல் அடிமட்டம் கிடைக்காது. தோண்ட அந்த ஊர் ஆட்களையே கூப்பிடுங்கள். கூலியை உங்கள் ஊர் கொடுக்கட்டும். குறிப்பேட்டில் அன்றே இரு ஊரிலிருந்தும் இரண்டிரண்டு பேர் கையெழுத்து. எண்கள் வந்ததும் இங்கே போடுங்கள், சிறுபாலத்துக்கு எத்தனை அடி வாய் வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.